குற்றமும் பொறுப்பும்: பனச்சமூடு எல்லையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தில், வெள்ளறடையை அடுத்து, தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பனச்சமூடு. இவ்வூர்ப்பெயரின் ஈறாகிய ‘மூடு’ என்பது மரத்தின் அடியைக் குறிக்கும் சொல். எல்லைக்கு இப்பால் குமரி மாவட்டத்திலும் கடையாலுமூடு போன்ற ஊர்ப்பெயர்களில் அதே சொல் அதே பொருளில் வழங்குகிறது. தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் பொருள் கேளாமலே உணர்ந்துகொள்ளும் சொல் அது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, இச்சொல் வழங்கும் நிலப்பரப்பின் ஊடாகவே மாநில எல்லை அமைந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. போராட்டக்காரர்களால் கோரப்பட்ட நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது.

இவ்வெல்லை வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அதனுள் பொதிந்துள்ள அறவியல் வினா உரிய கவனம் பெறவில்லை. தான் செய்யாத செயலுக்கு ஒருவர் பொறுப்பேற்க இயலுமா? இயலுமெனில், அவ்வாறு ஏற்பதன் பொருள் யாது? தன்னைத் தான் பொறுத்தலும் பிறரைப் பொறுத்தலும் வேறுவேறு கடமைகளா? இவ்வினாக்களை இவ்வெல்லைப் பகுதியின் நிகழ்வுகளைக் கொண்டும், சிலப்பதிகாரம் காட்டும் இரு மன்னர்தம் செயல்களைக் கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘பொறுப்பு’ என்னும் சொல்லின் வேர் ‘பொறு’ என்பது. சுமையைத் தாங்குதல், துன்பத்தைச் சகித்தல், பிறர் பிழையை மன்னித்தல், காத்திருத்தல் ஆகிய நான்கு பொருள்களையும் இவ்வேர் தருகிறது. திருக்குறளின் 16ஆம் அதிகாரமாகிய ‘பொறையுடைமை’ இவ்வேரின் மன்னிக்கும் பொருளை அறமாக உயர்த்துகிறது. ஆகவே தமிழில் பொறுப்பு என்பது முதற்கண் ஒரு சுமை. அதனைத் தோளில் ஏற்றிக்கொள்பவர் இருந்தாலன்றி அது பொறுப்பு ஆவதில்லை.

எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் இப்பொருளைத் தரும் சொற்களுள் ஒன்று ‘உத்தரவாதித்தம்’. உத்தரம் என்பது விடை. கேட்பவருக்கு விடையளிக்கக் கடமைப்பட்ட நிலையை அச்சொல் உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் விடையளித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று பிறந்ததே. மலையாளத்தில் ‘சுமதல’ என்னும் மற்றொரு சொல்லும் உண்டு. அது நம் ‘சுமை’யோடு உறவுடையது. இவற்றை ஒருங்கு நோக்கும்போது, பொறுப்பு என்னும் கருத்து தாங்குதல், விடையளித்தல் என்னும் இரு கூறுகளை உடையது என்பது புலனாகிறது. விடையளிக்காமல் தாங்குவது ஊமைத் துயரமாக முடியும். தாங்காமல் விடையளிப்பது வெறும் விளக்கவுரையாகவே நிற்கும்.

‘குற்றம்’ இதனின்றும் வேறானது. குற்றம் பிறரால் ஒருவர் மீது சுமத்தப்படுவது. பொறுப்பு ஒருவர் தாமே ஏற்றுக்கொள்வது. குற்றம் ‘நீ செய்தாய்’ என முன்னிலையில் பேசுகிறது. பொறுப்போ ‘இது என்னுடையது’ எனத் தன்மையில் மட்டுமே பேச வல்லது. போரில் தோற்ற செருமனியில் இருந்து 1946இல் வெளிவந்த தம் நூலில் மெய்யியலாளர் கார்ல் யாசுபர்சு, குற்றவியல், அரசியல், அறநெறி, மெய்யியல் எனக் குற்றத்தை நால்வகைப்படுத்தினார். ஓர் அரசின் செயல்விளைவுகளை அந்நாட்டுக் குடிமக்கள் அனைவரும் தாங்கியாக வேண்டும் என்றும், ஆயினும் ஓர் இனம் முழுவதையும் குற்றவாளி எனத் தீர்ப்பிட இயலாது என்றும் அவர் வேறுபடுத்தியது இங்கு நோக்கத்தக்கது.

1954: ஒரு துப்பாக்கிச் சூடும் ஒரு பதவி விலகலும்

திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் 1954இல் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரசா சோசலிசுட்டுக் கட்சியின் அமைச்சரவை ஆட்சியில் இருந்தது. தமிழ்ப்பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடி வந்தது. அவ்வாண்டு ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, போராடியோர் உயிரிழந்தனர். இவ்விரு இடங்களும் இன்றைய எல்லைக்கு அண்மையிலுள்ள விளவங்கோடு வட்டப் பகுதிகளாகும்.

அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த இராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். செய்தியறிந்த அவர், சொந்தக் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று கோரினார். விடுதலை பெற்ற நாட்டில் மக்கள் மீது சுடும் அரசு, தான் சுட ஆணையிட்டதா இல்லையா என்பதைக் கடந்து பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்தம் நிலைப்பாடு. ஒழுங்கைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு, அக்கடமையைச் செய்தமைக்காக அது விலக வேண்டியதில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். இவ்வாதமும் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. கலவரத்தை அடக்கத் தவறும் அரசும் உயிரிழப்புக்குக் காரணமாகலாம். கட்சி லோகியாவின் நிலைப்பாட்டை ஏற்கவில்லை. அமைச்சரவை விலகவில்லை, லோகியா தம் பொதுச்செயலாளர் பதவியைத் துறந்தார்.

இந்நிகழ்வில் இரு படிநிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். பிறர் விலக வேண்டும் எனக் கோரியபோது லோகியா செய்தது பொறுப்பைச் சுட்டுதல். அது சரியான கோரிக்கையேயாயினும், இலக்கண நோக்கில் அது முன்னிலைக் கூற்று. தாமே விலகியபோதுதான் அது தன்மைக் கூற்றாகிறது. சுட்டவரும் அவரல்லர், ஆணையிட்டவரும் அவரல்லர். மாண்டவர்தம் மொழியும் அவர் மொழியன்று. அவருக்கும் மார்த்தாண்டத்துக்கும் இருந்த தொடர்பு, தம் கட்சியின் பெயரால் அமைந்த அரசு என்பது ஒன்றே. அந்த ஓர் இழையைப் பற்றிக்கொண்டு அவர் சுமையை ஏற்றார்.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நிகழ்வு தமிழ்நாட்டில் 1956 நவம்பரில் நேர்ந்தது. அரியலூருக்கு அருகே நிகழ்ந்த தொடர்வண்டி விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாத்திரி பதவி விலகினார். வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்ததற்கு அமைச்சர் எவ்வகையிலும் குற்றவாளி அல்லர். ஆயினும் விடையளிக்க வேண்டியவர் அவரே என்பதை அவர் உணர்ந்தார். குற்றம் இல்லாத இடத்தும் பொறுப்பு இருக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நெடுஞ்செழியனும் வெற்றிவேற் செழியனும்

இவ்வேறுபாட்டைத் தமிழிலக்கியம் முன்னரே கண்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனின் கொலைக்குப் பொய்யுரைத்த பொற்கொல்லன் காரணம். வாளோச்சியவன் ஒரு காவலன். பாண்டியன் நெடுஞ்செழியன் இவ்விருவரையும் சுட்டித் தன்னை விடுவித்துக்கொண்டிருக்கலாம். உண்மை வெளிப்பட்ட கணத்தில் பொற்கொல்லன் சொல்லைத் தான் கேட்டதைக் கூறினானேயன்றி, பழியை அவன் மேல் சுமத்தவில்லை. பிழையைத் தன்னுடையதாக்கி, அரியணையிலேயே உயிர் நீத்தான்.

இப்பகுதியைப் போற்றும் நாம், அதே காப்பியம் அவன் வழித்தோன்றலைப் பற்றிக் கூறுவதைப் பெரும்பாலும் விரைந்து கடந்து விடுகிறோம். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்கிறது காப்பியம். ஒரு பொற்கொல்லனின் வஞ்சத்திற்கு ஒரு தொழிற்குழுவே உயிரிழந்தது. முன்னவன் பிறர் பங்கையும் தன் மேல் ஏற்றான். பின்னவன் தன் குடியின் பங்கையும் பிறர் மேல் ஏற்றினான். முன்னது பொறுப்பு, பின்னது குற்றச் சுமத்தல். இரண்டும் ஒரே நிகழ்வின் விளைவுகள். ஒரே குடியில் பிறந்தோர் செயல்கள்.

நெடுஞ்செழியனின் செயலிலும் ஒரு குறையுண்டு. அவன் இறந்தமையால் கோவலன் மீளவில்லை. மதுரை எரிவதையும் அவன் தடுக்கவில்லை. இறப்பு பொறுப்பை அறிவிக்கலாம். ஆற்றுவதற்கு ஆள் எஞ்சியிருக்க வேண்டும். இதே தடை பதவி விலகலுக்கும் பொருந்தும். விலகுதல் பொறுப்பின் தொடக்கமாகலாம், அதுவே நிறைவன்று.

எல்லைப் போராட்டக் காலத்து நினைவுகளில் இன்றும் வெற்றிவேற் செழியனின் வழி மறையவில்லை. ஓர் அரசின் செயலை ஒரு மொழியினம் முழுவதன் செயலாகப் பேசுதல் இருபுறத்தும் கேட்கக்கூடியதே. பனச்சமூட்டில் ஒரே சாலையில் நடக்கும் இரு மொழியாரும், 1954இல் பிறந்திராத இன்றைய தலைமுறையினரும், அச்செயலுக்குக் குற்றவாளிகள் ஆகார். ஆனால் அந்நினைவை எவ்வாறு கையளிப்பது என்பதற்கு அவர்கள் பொறுப்பாளர்களே.

வெங்ஙானூர் காட்டும் வழி

பிறர் பொறுப்பை ஏற்பதில் ஓர் இடர் உண்டு. ஏற்பவர் உயர்ந்தவராகவும், ஏற்கப்படுபவர் தம்மைத் தாம் தாங்க இயலாதவராகவும் கருதப்படும் நிலை எளிதில் தோன்றிவிடும். இவ்விடரைக் கடந்த வரலாறு ஒன்று இதே நெய்யாற்றின்கரைப் பகுதியில் நிகழ்ந்துள்ளது.

வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்லுவண்டி ஏறிச் சென்றார். வண்டியில் சென்றவர் அவர். சாலை திறந்ததோ அனைவருக்கும். தன் மதிப்பைத் தானே காத்துக்கொள்ளும் செயல் பிறர்க்கும் வழியாக அமைந்தது. 1907இல் அவர் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் வயலில் இறங்க மாட்டோம் என உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலியிழப்பின் பசியை ஏற்றவர்கள் அத்தொழிலாளர்களே. 1910இல் பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றபோது எதிர்ப்பாளர்கள் பள்ளிக்குத் தீயிட்டனர். அவ்வரலாற்றை மறவாமல், 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டது.

இங்குத் தலைவர் மக்களின் சுமையை வாங்கித் தாமே சுமக்கவில்லை. அவர்கள் தத்தம் சுமையைத் தாமே ஏற்பதற்குரிய நிலையை உண்டாக்கினார். நம் பழஞ்சாலைகளின் ஓரத்தில் நின்ற சுமைதாங்கிக் கற்கள் இதற்கு ஒப்பாவன. பிள்ளைப்பேற்றின் முன்னரே இறந்த பெண்ணின் நினைவாகப் பிறர் நட்டுவைத்த கல் அது. வழிப்போக்கர் தலைச்சுமையை அதன் மேல் இறக்கி, இளைப்பாறி, துணை வேண்டாமல் மீண்டும் தாமே ஏற்றிச் செல்வார். கல் எவர் சுமையையும் பறித்துக்கொள்வதில்லை. பிறர் பொறுப்பை ஏற்றல் என்பதன் செம்மையான வடிவம் இதுவே எனலாம்.

எஞ்சியோர்பால் நமக்குள்ள கடன்

1956இல் நான்கு வட்டங்கள் பெற்றதை வெற்றியாகக் கொண்டாடினோம். அவ்வெற்றிக்கு உரிய கோரிக்கையில் பங்குகொண்ட நெய்யாற்றின்கரைத் தமிழர் அதன் பயனைப் பெறவில்லை. எந்த எல்லை வரையப்பட்டாலும் அதன் இருபுறத்தும் சிலர் எஞ்சுவர் என்பதை உணர்ந்தே, அவ்வாண்டின் ஏழாம் திருத்தம் அரசமைப்பில் 350அ, 350ஆ ஆகிய பிரிவுகளைச் சேர்த்தது. முன்னது மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யப் பணிக்கிறது. பின்னது அவர்தம் காப்புகளை ஆராயத் தனி அலுவலரை அமைக்கிறது.

சட்டம் விடையளிக்கும் கடமையை அரசின் மீது வைக்கிறது. தாங்கும் கடமை எவருடையது? இதற்கு எளியதொரு தேர்வுமுறை உண்டு. 2006இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றிப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. 2017இல் கேரளம் தன் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. குமரி மாவட்டத்தில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் உளர். எல்லைக்கு அப்பால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் உளர். வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்றல் பிள்ளைகளுக்கு நன்மையே. எனினும் ஒரு சட்டத்தை மொழிக்காப்பு என வாழ்த்தி, மற்றொன்றை மொழித்திணிப்பு என இகழ்வாராயின், அவர் பேசுவது தம்மவர் உரிமையைப் பற்றி மட்டுமே, பொறுப்பைப் பற்றியன்று. தம் சட்டத்தால் அண்டை மொழிக் குழந்தையின் தோளில் ஏறும் சுமையை முதலில் எண்ணிப் பார்ப்பவரே, எல்லைக்கு அப்பாலுள்ள தம்மொழிக் குழந்தைக்காகப் பேசும் தகுதி பெறுகிறார்.

இக்கடன் தமிழ்த்துறைகளுக்கும் உண்டு. தென்திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டு மரபும் வட்டார வழக்கும் மாநில எல்லையோடு நின்றுவிடுவன அல்ல. ஆனால் நம் கள ஆய்வுகள் பெரும்பாலும் களியக்காவிளையோடு நின்றுவிடுகின்றன. இதனை எவர் மீதும் குற்றமாகச் சாட்ட வேண்டியதில்லை. ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம் பங்காக ஏற்கலாம். இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர்.

முடிவுரை

குற்றம் செய்தவரோடு முடிவது. பொறுப்பு தொடர்புடைய எவரும் ஏற்கத்தக்கது. குற்றத்தைப் பிறர் சுமத்தலாம். பொறுப்பைத் தாமே ஏற்றாலன்றி அது நிலைபெறாது. பிறர்க்காகப் பொறுப்பேற்றல், அவர் தம்மைத் தாம் தாங்கும் ஆற்றலைப் பறிக்குமாயின் அறமாகாது. நெடுஞ்செழியன், லோகியா, சாத்திரி, அய்யன்காளி ஆகியோர் செயல்கள் வழி இம்மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன.

‘அது என் எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்பது நிருவாகத்தில் பொருளுடைய தொடர். அறவியலில் அதனைச் சொல்லுமுன் ஒருமுறை பொறுத்தல் வேண்டும். மரத்தின் மூட்டுக்கு எல்லைக்கு இருபுறத்தும் ஒரு சொல்லே உள்ளது. அம்மரநிழலில் சுமை இறக்க வருபவரிடம், நீர் எந்த மாநிலத்தவர் என்று கேளாதிருப்பதில் பொறுப்பு தொடங்குகிறது.