கால்நடைகளையும் எண்ணிய கடவுள்



டிசம்பர் பிறந்துவிட்டால் நம் வடக்கு அந்தமானின் காளிப்பூர் கரையில் ஆமைகள் ஏறத் தொடங்கும். சிற்றாமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என நான்கு வகையும் முட்டையிட வரும் கரை அது. தாய் ஆமை பின்துடுப்புகளால் மணலைத் தோண்டி, நூறு முட்டை போல இட்டு, மூடி, உடம்பால் அழுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. வனத்துறையினர் கண்ணில் பட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். தப்பிய குழிகளை விடிவதற்குள் நாய்கள் கிளறிவிடுகின்றன.

அந்த நாய் யாருடையது? விலா தெரியப் பஜாரில் திரிகிற அதுவும் குட்டியாக இருந்தபோது யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் விளையாடியது. பெட்டையாயிற்றே என்று கொண்டுபோய் விட்டது யார்? நாயைச் சபிக்கும் முன் நம் மனச்சான்றைக் கேட்போம். கேட்டு மனம் நொந்தால் கலங்க வேண்டாம். அந்த நோவிலேயே ஆண்டவரின் இரக்கம் தொடங்கிவிட்டது.

இந்த நாய்களுக்காகத்தான் நம் இளையோர் மழை ஓய்ந்ததும் வனத்துறை அனுமதியோடு சேடில் பீக் ஏறப் போகிறார்கள். 732 மீட்டர், இந்தத் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம். லாமியா பேயிலிருந்து கரையோரமாக நடந்து, அப்புறம் வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அவர்கள் ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்கள் ஒரு தொகை நேர்ந்துகொள்ளலாம். மறைக்கல்விப் பிள்ளைகள் வரைந்த படங்களை ஏலம் விடுவோம். கோயில் திருவிழாவில் வாழைத்தார் ஏலம் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. சேரும் பணம் தெருநாய்களின் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு.

“மனுஷனுக்கு மருந்து வாங்கவே காசில்லை, நாய்க்கா ஃபாதர்?” என்று சிலர் கேட்டீர்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போர்ட் பிளேயர் வரை ஓடியவர்கள் கேட்கும் கேள்வி அது; நியாயமானது. யோனா புத்தகத்தின் கடைசி வரியை வீட்டில் எடுத்துப் படித்துப் பாருங்கள். நினிவேயை ஏன் அழிக்கவில்லை என்று யோனாவுக்குப் பதில் சொல்லும் கடவுள், அந்நகரின் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு கால்நடைகளையும் சேர்த்தே சொல்கிறார். மனிதருக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை அவர் விலங்குகளுக்கு ஒதுக்கவில்லை. ஓய்வுநாள் கட்டளையிலும் மாட்டுக்கும் கழுதைக்கும் இளைப்பாறுதல் கேட்டவர் அவரே.

ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறீர்கள். உங்கள் தாத்தாமாரோடு மரம் இழுத்தவை யானைகள். மாயாபந்தருக்கு மேற்கே இன்டர்வியூ தீவில், தொழில் நொடித்த ஒரு மரக் கம்பெனி 1960களில் தன் யானைகளை அப்படியே விட்டுப்போனது. அவை காட்டு யானைகளாகிவிட்டன. உழைப்பை வாங்கிக்கொண்டு கைவிடுவது நம் தீவுகள் கண்ட பாவம்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றை நீலகிரி கூடலூரில் காண்கிறோம். காட்டை விழுங்கும் உண்ணிச்செடியை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டி, பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் யானைகளைச் செய்கிறார்கள். அந்தக் காட்டில் நடமாடும் யானைகளையே மாதிரியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாயல் தருகிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்கா போயின. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் வழிகளுக்குப் போகிறது. யானையோடு தினமும் பாதையைப் பகிர்ந்துகொள்ளும் ஏழைகள் இதைச் செய்வதுதான் என்னை உருக்குகிறது. அவர்களுக்கும் இதிலிருந்து கூலி கிடைக்கிறது. ஒரே இரக்கம் இரு பக்கமும் பாய்வதைப் பாருங்கள்.

அன்பார்ந்தவர்களே, கையில் ஒன்றுமில்லையே என்று யாரும் கூசி நிற்க வேண்டாம். காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த இயேசு, ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைத்தான் பெரிதாகப் பேசினார். முழங்கால் வலிக்கிற அம்மாமார் மலை ஏற வேண்டாம். ஏறுகிற பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள். வீட்டில் பெட்டை நாய் இருப்பவர்கள் அதை முதலில் சிகிச்சைக்குக் கொண்டுவாருங்கள். திருப்பலி முடிந்ததும் இளையோர் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார்கள். பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.