ஆல்காட்டின் மகள்

1834-ல் பாஸ்டன் நகரில் ஆமோஸ் பிரான்சன் ஆல்காட் 'டெம்பிள் பள்ளி'யைத் திறந்தார். மனப்பாடத்தை ஒதுக்கிவிட்டு, குழந்தைகளிடம் கேள்வி கேட்பார். அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார். அதுதான் பாடம். தப்பு செய்த பிள்ளையை அடிக்காமல், தன் கையை நீட்டி அதில் அடிக்கச் சொன்னதும் உண்டு. பைபிளைப் பற்றிச் சிறுவர்களோடு பேசியதை அவர் புத்தகமாக்கியதும் ஊர் கொதித்தது. பிள்ளைகள் நின்றுபோனார்கள், 1837-ல் பள்ளிச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. பிறகு நடத்திய சிறு பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். நீக்கச் சொன்ன பெற்றோருக்கு அவர் மசியவில்லை. 1839-ல் அதுவும் மூடியது.

அந்த உறுதியைப் போற்ற வேண்டியதுதான். ஆனால் அதற்கான விலையை வீட்டிலிருந்தவர்களும் கொடுத்தார்கள். இரண்டாவது மகள் லூயிசா மே ஆல்காட் சிறு வயதிலேயே தையல், வீட்டுவேலை, வாத்தியார் வேலை என்று சம்பாதிக்கக் கிளம்பினார். 1868-ல் அவர் எழுதிய 'லிட்டில் விமன்' நாவல் வெளிவந்து விற்ற பிறகுதான் குடும்பக் கடன் தீர்ந்தது.

கையில் எழுத்தும் புகழும் வந்த பிறகு அந்த மகள் அப்பாவை என்ன செய்தார்? 1871-ல் 'லிட்டில் மென்' நாவலில் அவருடைய பள்ளியை மீண்டும் திறந்தார். அதில் பொய் சொன்ன சிறுவன் நாட், ஆசிரியர் பேயரின் கையில் ரூல்தடியால் அடிக்க நேர்கிறது, அழுதுகொண்டே அடிக்கிறான். பாஸ்டனில் சில டஜன் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்த அந்தப் பாடத்தை, ஆல்காட் என்ற ஆசிரியரின் பெயரே தெரியாத குழந்தைகளும் பல நாடுகளில் படித்தார்கள். ஒரு பள்ளிக்கு இதைவிடப் பெரிய நினைவுமண்டபம் எனக்குத் தெரியவில்லை.

அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதால்தான் லூயிசா மீது எனக்குக் கூடுதல் மரியாதை. 1843-ல் அப்பா நண்பரோடு தொடங்கி, ஏழே மாதத்தில் நொடித்துப்போன 'ஃப்ரூட்லேண்ட்ஸ்' பண்ணையைப் பற்றி 1873-ல் ஒரு கதை எழுதினார். அப்போது அப்பா உயிரோடுதான் இருந்தார். கதையில் ஆண்கள் ஊர் ஊராகத் தத்துவம் பேசப் போய்விடுகிறார்கள். புயல் வருமுன் வயலில் கிடந்த பார்லியைக் காப்பாற்றுவது அம்மாவும் பிள்ளைகளும். அப்பாவுக்கு ஆபேல் என்றும் அம்மாவுக்கு ஹோப் என்றும் பெயரை மாற்றினார் லூயிசா. பார்லியை அள்ளிச் சேர்த்தது யார் என்பதை மட்டும் மறைக்கவில்லை.