பிரம்மன் எழுதாமல் விட்ட இடம்

திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் சிறுகனூர் வந்ததும் ஒரு கும்பல் இறங்கும். வியாழக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். எல்லார் கையிலும் ஒரு பை, பைக்குள் ஜாதகம். திருப்பட்டூர் பிரம்மபுரீஸ்வரர் கோயிலில் தனிச் சன்னிதியில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கும் பிரம்மாவின் காலடியில் அதை வைத்து எடுத்தால் தலையெழுத்து மாறும் என்று நம்பிக்கை. நானும் போகிறவள்தான். ஆனால் செந்துறைப் பக்கம் கிராம சுகாதார நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். பச்சைப் பிள்ளைகளின் மண்டையைத் தடவிப் பார்த்தே காலம் போனது. தலையெழுத்து என்று யாராவது சொன்னால் எனக்கு ஜாதகம் நினைவுக்கு வருவதில்லை, உச்சிக்குழிதான் வரும்.

தடுப்பூசி நாளில் இளந்தாய்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “நர்சம்மா, பிள்ளைக்கு மண்டை ஒரு பக்கம் சப்பையா இருக்கு. சாமி கொடுத்தது, அதுல நாம கை வைக்கலாமா?” காய்ச்சலுக்கு மருந்து ஊற்றும்போது இந்தச் சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. தலை என்றால் வருகிறது. அங்கே ஏதோ எழுதியிருக்கிறது என்று நினைப்பதால்தான்.

எழுதியிருக்கிறது என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. மண்டையோட்டின் மேல் புழு நெளிந்தாற்போல் கோடுகள் ஓடும். சுடுகாட்டில் எலும்பு பொறுக்கப் போன பெரியவர்கள் அதைப் பார்த்துத்தான் பிரம்மன் கையெழுத்து என்றார்கள். பயிற்சிக் காலத்தில் மேசைமேல் வைத்திருந்த மண்டையோட்டைப் பார்த்தபோது எனக்கும் அது படிக்கத் தெரியாத ஏதோ லிபி போலத்தான் இருந்தது. அவை எலும்புகளின் பொருத்துகள் என்று பிறகு சொல்லித் தந்தார்கள். பிறக்கும்போது அந்த எலும்புகள் ஒட்டியிருப்பதில்லை. பிரசவப் பாதையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடம் கொடுக்கும். பிறகு மூளை வளர வளர அந்தக் கோடுகளில்தான் மண்டை விரியும். முன் உச்சிக்குழி மூட ஏறக்குறைய ஒன்றரை வயது ஆகும். கோடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகும் பல வருஷம் ஒட்டாமல் கிடக்கும். இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஒரு கோடு முன்னாலேயே ஒட்டிப்போகிறது. அப்போது மூளை வழி கிடைத்த பக்கம் தள்ளும். தலை நீண்டுபோகும், இல்லையென்றால் நெற்றி ஒரு பக்கம் அமுங்கும். சில பிள்ளைகளுக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறிக் கண்பார்வை வரை கெடும். இதற்கு அறுவைச் சிகிச்சைதான், பெரும்பாலும் முதல் வயதுக்குள். ஆக, கோடு இருப்பதால் வரும் கோளாறு இல்லை இது, கோடு அழிவதால் வருவது. பிரம்மன் எழுதி முடித்த இடமாக எனக்கு அது தெரியவில்லை. பிள்ளை வளரட்டும் என்று எழுதாமல் விட்ட இடம்.

என்னிடம் வந்ததில் அநேகம் இந்த வகை இல்லை. மல்லாக்கப் படுத்த பிள்ளை வெளிச்சம் வரும் பக்கமோ அம்மா படுத்திருக்கும் பக்கமோ ஓயாமல் திரும்பிக் கிடப்பதால் வரும் சப்பை. சிலதுக்குக் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கும். பிள்ளையை மடியில் உட்காரவைத்து உச்சிக்கு நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சப்பையான பக்கத்துக் காதும் நெற்றியும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால் பெரும்பாலும் அது படுக்கை செய்த வேலை. காது பின்னால் இழுத்திருந்தாலோ, கோடு ஓடும் இடத்தில் விரலுக்கு மேடு தட்டினாலோ வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. என் காலத்தில் இதற்குத் திருச்சியோ தஞ்சாவூரோ ஓட வேண்டும். 2022 ஜனவரியில் அரியலூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலத் திட்ட டாக்டர்களிடம் காட்டினாலும் மேலே எழுதிக் கொடுப்பார்கள்.

படுக்கைச் சப்பைக்கு விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து குப்புறப் போடுவது, பக்கம் மாற்றித் தூக்குவது, கழுத்துக்குப் பயிற்சி, இவ்வளவுதான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கையோடு பாட்டிமார் மண்டையை உருட்டி விடுவார்கள். தடவினால் சரி, அழுத்தினால் நான் சண்டைக்குப் போவேன். இப்போது வசதியுள்ள வீடுகளில் ஹெல்மெட் பேச்சு. ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டுமாம், கத்திரி வெயிலில், ஆறு மாதப் பிள்ளைக்கு! நெதர்லாந்தில் 84 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2014ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வயதில் பார்த்தால் ஹெல்மெட் போட்டதிலும் போடாததிலும் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குத்தான் முழுக்கச் சீராகியிருந்தது. வித்தியாசம் இல்லை. அறுவைக்குப் பிறகு டாக்டர் போடச் சொல்லும் ஹெல்மெட் வேறு கதை.

விதி என்று உட்கார்ந்துவிடுகிற வீடும், துளிக் கோணலுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கத் துடிக்கிற வீடும் நேர்மாறாகத் தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சாமி கொடுத்தால் முழுசாகத்தான் கொடுக்கும், குறை இருந்தால் யாரோ பாவம் செய்திருக்கிறார்கள் என்று இரண்டு வீட்டிலும் நினைக்கிறார்கள். அந்த யாரோ எப்போதும் பெற்றவள்தான். “கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தியா?” என்று அவளைத்தான் குடைவார்கள்.

அஷ்டாவக்கிரர் கதை தெரிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். எட்டுக் கோணல் அவருக்கு வந்தது அப்பாவின் சாபத்தால்; வேதம் ஓதியதில் வயிற்றுப் பிள்ளை குற்றம் கண்டது என்ற கோபம். தாய் ஒன்றும் செய்யவில்லை. ஜனகன் சபையில் வாதத்தில் ஜெயித்துத் திரும்பியதோடு நம் ஊரில் கதையை நிறுத்திவிடுகிறோம். பாரதத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அப்பா சொன்னபடி சமங்கா நதியில் இறங்கி எழுந்தார், கோணல் நிமிர்ந்தது. அவ்வளவு பெரிய ஞானி, உடம்பு என்ன பெரிய விஷயம் என்று கரையிலேயே நின்றுவிடவில்லை.

வள்ளுவர் ‘ஊழ்’ அதிகாரத்தை முடிக்கும்போது விதியைவிட வலியது எது என்று கேட்கிறார். ‘ஆள்வினையுடைமை’யை முடிக்கும்போது தளராதவன் விதியையே புறம் காண்பான் என்கிறார். எது சரி என்று புலவர்கள் சண்டை போடட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தக் குறள் என்பது மண்டையைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். திருப்பட்டூர் பிரம்மாவே ஐந்து தலையில் ஒன்றைச் சிவனிடம் பறிகொடுத்து, படைப்புத் தொழிலும் போய், அங்கே பன்னிரண்டு லிங்கம் வைத்துப் பூசித்துத் தொழிலைத் திரும்ப வாங்கியவர். தலை விஷயத்தில் அடிபட்ட சாமி. டாக்டர் கை வைத்தால் அவர் கோபிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் பேத்திக்கும் வலப் பக்கம் கொஞ்சம் சப்பை. டாக்டர் பார்த்தாயிற்று, கோடுகள் திறந்திருக்கின்றன. முடியிறக்கத்துக்கு நாள் பார்க்கும்போது சம்மந்தியம்மா போன் செய்தார். “சம்மந்தி, மொட்டைய ஆறு மாசம் தள்ளிப்போடுவோமா? மண்டை தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

“முடி கொடுக்கிறது மதுரகாளிக்குங்க, அந்த நாலு பேருக்கு இல்ல. அம்மனுக்குத் தெரியாத மண்டையா?” என்றேன்.

சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். வெள்ளிக்கிழமைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் வலப் பக்கம் சந்தனம் கொஞ்சம் கனமாகப் பூசிவிடுவோம் என்கிறார். சரி, பூசட்டும்.