இரண்டரை அங்குலம்

வேலை செய்வதற்கென்றே பிறந்த ஒன்றை, வேலைக்கு லாயக்கில்லாமல் ஆக்கலாமா?

ஏதோ வேதாந்தக் கேள்வி மாதிரி இருக்கிறதா? பயப்படாதீர்கள். இது ஒரு பழைய வண்டியைப் பற்றியது. அமெரிக்காவில் ஷெவர்லே கம்பெனி 1960 மாடலாகக் கொண்டுவந்த 'சி-10' என்ற பிக்கப் வண்டி. முன்னால் ஒரு கேபின், பின்னால் திறந்த தொட்டி. 'அரை டன்' வகை. வைக்கோல் கட்டு, உர மூட்டை, சிமென்ட், குழாய், வீட்டு நாய் என்று எதுவும் ஏறும். மண் பாதையில் கல் தட்டக்கூடாது என்று தரையிலிருந்து நன்றாகத் தூக்கிக் கட்டிய வண்டி.

1967 முதல் 1972 வரை வந்த சி-10 மீது அங்கே இன்றைக்கும் தனி மோகம். தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வாங்கினவர்களில் பலர் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? முன்பக்கத்தை இறக்குவது. இரண்டரை அங்குலம், மூன்று அங்குலம், ஆசை அதிகம் உள்ளவர்கள் இன்னும் கீழே. இறக்கின வண்டி பார்க்க அழகாக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. முகத்தைத் தாழ்த்தி, தரையை மோந்துகொண்டே போகிற ஒரு சாயல். ஆனால், இனிமேல் அது வயலுக்குள் இறங்காது. வேகத்தடையைப் பார்த்தாலே யோசிக்கும்.

இதைப் பார்த்துக் கொதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே வைத்திருக்க வேண்டும். அரை நூற்றாண்டு தாண்டி வந்த வண்டியைக் கைவைக்க நீ யார்?' என்பது அவர்கள் கட்சி. நியாயமாகத்தான் படுகிறது. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், அந்த நியாயத்தில் ஓர் ஓட்டை தெரிகிறது. கம்பெனி கொடுத்தபடியே எந்த வேலைக்கார வண்டி இருந்திருக்கிறது? தொட்டி முழுக்க நசுங்கல். கதவு மாற்றியிருக்கும். இரண்டு முறை பெயின்ட் அடித்திருக்கும். அதையெல்லாம் 'ஆகா, உழைத்த அடையாளம்' என்று தடவிக்கொடுக்கிறார்கள். உழைப்பினால் வந்த மாற்றம் பெருமை, ஆசையினால் வந்த மாற்றம் துரோகம். இது என்ன கணக்கு?

நான் படித்தது பி.காம். கணக்கு என்றதும் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வருகிறது. அக்கவுன்டன்சியில் மெஷினுக்குத் தேய்மானம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். வருஷா வருஷம் மதிப்பு குறைந்து, கடைசியில் காயலான்கடை விலையில் வந்து நிற்கும். அதே வருஷம் எகனாமிக்ஸ் வகுப்பில் 'யுடிலிட்டி' என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள். மனிதனின் தேவையைத் திருப்தி செய்கிற சக்தி, அவ்வளவுதான். அந்தத் தேவை நல்லதா கெட்டதா, உருப்படியானதா வெட்டியானதா என்று அந்த வரையறை கேட்பதே இல்லை. சிகரெட்டுக்கும் யுடிலிட்டி உண்டு என்றுதான் பாடம். நாமோ பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிட்டு, யுடிலிட்டி என்றால் 'உபயோகம்', உபயோகம் என்றால் 'வேலைக்கு ஆவது' என்று சுருக்கிக்கொண்டோம்.

பொருளோடு விட்டோமா? முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஒருத்தர் ரிட்டயர் ஆகிறார். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'அடுத்து என்ன சார் பண்றதா உத்தேசம்?' 'ஒண்ணும் இல்லை, சும்மா இருக்கப்போறேன்' என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ரேஷன் கடைக்கும் பேரனை ஸ்கூலிலிருந்து கூட்டிவரவும் பயன்படுகிற வரைக்கும் தாத்தாவுக்கு வீட்டில் இருக்கிற மரியாதை வேறு. முட்டி வலி வந்து நாற்காலியோடு உட்கார்ந்தபிறகு இருக்கிற மரியாதை வேறு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காபி வந்து சேருகிற நேரத்தில் தெரியும்.

அதனால்தான் இந்த வண்டிச் சண்டையை வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. சொல்லப்போனால் இதைத் தொடங்கிவைத்தவர்கள் பணக்காரர்களும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கலிஃபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கித் தாழ்த்தினார்கள். கையில் காசு இல்லாதவர்கள் டிக்கியில் மணல் மூட்டையை அடுக்கி வண்டியை அமுக்கினார்கள். மற்ற அமெரிக்கப் பையன்கள் இன்ஜினை முறுக்கி வேகத்துக்குப் போட்டி போட்ட காலத்தில், இவர்கள் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் சாலையில் ஊர்வலம் மாதிரி நகர்ந்தார்கள். 'தாழ்வாக, மெதுவாக' என்பதுதான் தாரக மந்திரமே. வாரம் முழுக்க அடுத்தவருக்காக ஓடுகிறவன், ஞாயிற்றுக்கிழமை யாருக்காகவும் ஓட மாட்டேன் என்கிறான். எனக்கு அப்படித்தான் புரிகிறது.

அரசாங்கத்துக்கு வேறு மாதிரி புரிந்தது. 1958-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டயர் வெடித்தால் வண்டி அந்த வளையத்தின் மேல் உட்காரும். அதற்கும் கீழே ஸ்டீயரிங் கம்பி ஏதாவது இருந்தால் ரோட்டில் உரசி, வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். ஆனால் போலீஸ் அளந்தது வண்டியின் உயரத்தை மட்டும் அல்ல, ஓட்டுகிறவன் யார் என்பதையும்தான் என்பது அந்தச் சமூகத்தினர் காலங்காலமாகச் சொல்லிவந்த குறை.

பதில் எப்படி வந்தது பாருங்கள். சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிரே என்பவர், 1950-களின் கடைசியில், விமானத்திலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் பம்புகளைத் தன் காரில் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் வண்டி உயரும், தட்டினால் தாழும். போலீஸைப் பார்த்தால் எழுந்து நிற்கும், போனதும் உட்காரும்! நம்ம ஊர் ஸ்கூல் பெஞ்ச் ஞாபகம் வருகிறதா? அந்தச் சட்டத்தை நீக்கும் மசோதாவில் 2023 அக்டோபரில் கவர்னர் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1-ல் அது அமலுக்கு வந்தது. ஒரு வண்டி தாழ்ந்து நிற்க அனுமதி கிடைக்க 66 வருஷம்.

சரி, இறக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். எப்படி இறக்குவது? என் பார்வையில் தர்ம நியாயமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

1963-லிருந்து சி-10 முன் சக்கரங்களுக்கு மேலே சுருள் ஸ்பிரிங் உண்டு. மலிவான வழி, அந்த ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிவது. வெட்டினால் ஸ்பிரிங் தளர்ந்து மெத்தென்று ஆகும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. சுற்று குறையக் குறைய விறைப்பு ஏறும். அமுங்குவதற்கு இடமும் குறைந்துபோயிருக்கும். ஒரு பள்ளம் வந்தால் 'டொம்' என்று ரப்பர் கட்டையில் இடிக்கும். சக்கரம் உள்பக்கம் சாய்ந்து டயர் ஒரு ஓரமாகத் தேயும். அதைவிட மோசம், கேஸ் டார்ச்சால் ஸ்பிரிங்கைப் பழுக்கக் காய்ச்சித் தொய்யவிடுவது. எஃகின் பதமே போய்விடும். இடதும் வலதும் ஒரே அளவு தொய்யும் என்று எந்த மெக்கானிக்கும் எழுதிக்கொடுக்க முடியாது.

இன்னொரு வழி இருக்கிறது. 'டிராப் ஸ்பிண்டில்' என்பார்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்திருக்கும் இரும்புத் துண்டு ஸ்பிண்டில். சக்கரம் சுழல்கிற அச்சு அதிலிருந்துதான் நீட்டிக்கொண்டிருக்கும். டிராப் ஸ்பிண்டிலில் இந்த அச்சைச் சுமார் இரண்டரை அங்குலம் மேலே தள்ளி வைத்திருப்பார்கள். சக்கரம் தரையில் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். வண்டி இரண்டரை அங்குலம் கீழே வந்துவிடும். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. அது அமுங்குகிற தூரம் அப்படியே இருக்கிறது. அடியைத் தாங்குகிற பாகத்துக்கு, வண்டி இறங்கிய செய்தியே தெரியாது!

காசு கூட ஆகும். அதற்காகத்தான் பலர் ரம்பத்தை எடுக்கிறார்கள். இரண்டு விதமாக இறக்கிய வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஓடும்போதுதான் தெரியும். ஓட்டுகிறவரின் முதுகு வலித்தால் அது அவர் பாடு. ஸ்டீயரிங் தடுமாறினால் எதிரே வருகிறவர் பாடும்கூட. 'என் வண்டி, என் இஷ்டம்' என்கிற உரிமை அந்த இடத்தில் முடிந்துபோகிறது. வேலையிலிருந்து விடுவித்தது சரி. நடக்கவிடாமல் செய்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பேர் வைத்தால் எப்படி?

'அதான் புது ஸ்பிரிங் வாங்கி மாட்டிக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். முன்பக்கத்துக்கு அது சரி. ஆனால் ஆசை முன்பக்கத்தோடு நிற்பதில்லை. பின்பக்கத்தையும் ரொம்ப இறக்கினால் அச்சு போய் சேஸிஸில் இடிக்கும். அதற்கு இடம் கொடுக்க, சேஸிஸையே அரைவட்டமாக வெட்டி, வேறு இரும்பை வைத்து பலப்படுத்துகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் ஆபத்தில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வெட்டின சேஸிஸ் பழையபடி ஆகாது. அந்த வண்டிக்கு அடுத்த சொந்தக்காரர் ஒருத்தர் வருவார், அவருக்கு அடுத்து இன்னொருத்தர் வருவார். யாராவது ஒருத்தருக்கு மறுபடியும் அதில் உர மூட்டை ஏற்றத் தோன்றலாம். அவர்கள் சார்பில் முடிவெடுக்க இவருக்கு உரிமை உண்டா? 'என் காசு' என்பது மட்டும் எனக்குப் போதுமான பதிலாகப் படவில்லை. உங்களுக்கு?

ஸ்பிண்டில் மாற்றுகிறவர்களில் சிலர், கழற்றின பழைய ஜோடியைக் காயலான்கடைக்குப் போடுவதில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி ஷெட்டில் ஒரு மூலையில் வைக்கிறார்கள். வண்டியை விற்கிற அன்றைக்கு அதையும் தொட்டியில் தூக்கிப்போட்டு அனுப்புகிறார்கள். வாங்கினவர் அதை மாட்டுவாரா, இல்லை தன் ஷெட்டில் இன்னொரு மூலையில் போட்டு வைப்பாரா என்பது அவர் இஷ்டம்.