மஹூலாவில் தொடங்கிய பூஜை

1897-ஆம் ஆண்டின் கோடைக்காலம். வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்து ஊர்களின் வழியாகத் துறவி ஒருவர் தன்னந்தனியாக நடந்து சென்றுகொண்டிருந்தார். தாத்பூர் என்ற ஊரில், கந்தல் உடுத்த ஒரு முஸ்லிம் சிறுமி உடைந்த மண்குடத்தின் முன் அழுதுகொண்டு நிற்பதை அவர் கண்டார். வீட்டில் இருந்தது அந்த ஒரு குடம்தான். வேறு வாங்கக் காசில்லை. தாய் அடிப்பாளே என்ற பயம் வேறு. துறவி கடைக்குச் சென்று ஒரு புதுக் குடமும் கொஞ்சம் அவலும் வாங்கிக் கொடுத்தார். சற்று நேரத்தில் பசித்த குழந்தைகள் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். மடியில் மிச்சமிருந்த சில்லறையும் அவலாகவே தீர்ந்தது.

அந்தத் துறவி, பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி அகண்டானந்தர். இமயத்தையும் திபெத்தையும் கால்நடையாகவே சுற்றிவந்த பரிவ்ராஜகர். ஓரிடத்தில் தங்குவது அவருடைய இயல்புக்கே ஒவ்வாதது. ஆயினும் அந்த மாவட்டத்தைவிட்டுப் புறப்பட எண்ணிய போதெல்லாம் உள்ளிருந்து ஏதோ ஒன்று அவரைத் தடுத்து நிறுத்தியது. முந்தைய ஆண்டு பருவமழை பொய்த்ததால் நாட்டின் பல பகுதிகளைப் பிடித்திருந்த பஞ்சம் அவர் நடந்த வழியெங்கும் தெரிந்தது. தானியம் அடியோடு இல்லாமல் போனதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. விளைச்சல் பொய்த்தால் வயலில் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. அதே நேரத்தில் அரிசி விலை ஏறுகிறது. கடையில் மூட்டை இருக்க, கடைவாசலில் மனிதன் பட்டினியால் விழுகிறான். கூலியாளும் நெசவாளியும் விதவையும் அநாதையும்தான் முதலில் விழுகிறார்கள்.

மே 15-ஆம் நாள் மஹூலாவில் பஞ்ச நிவாரணப் பணி தொடங்கியது. ராமகிருஷ்ண இயக்கம் அமைப்பாக உருப்பெற்று அப்போது இரண்டே வாரங்கள் ஆகியிருந்தன. மே முதல் நாள் கல்கத்தாவில் பலராம் போஸின் இல்லத்தில் கூடிய கூட்டத்தில்தான் சுவாமி விவேகானந்தர் அதனை நிறுவினார். விதிமுறைகளின் மை உலர்வதற்குள் வேலை வந்து வாசலில் நின்றது என்றே சொல்ல வேண்டும்.

அந்த நிறுவன நாளில் நடந்த ஒன்றையும் இங்கே மறைக்காமல் கூற வேண்டும். கூட்டம் கலைந்தபின், சகோதரத் துறவியான சுவாமி யோகானந்தர் தமது ஐயத்தை வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். சங்கம், கூட்டம், நிவாரணம் இவையெல்லாம் மேல்நாட்டு முறையல்லவா? குருதேவர் காட்டிய வழி இறைக் காட்சிக்கான சாதனை அல்லவா? இந்த ஐயத்தை அற்பமானது என்று ஒதுக்கிவிட முடியாது. உலகைத் துறந்தவன் மீண்டும் அரிசிக் கணக்கு எழுதும்போது, அவன் துறந்தது எது என்ற கேள்வி எழத்தான் செய்யும். சேவை என்ற பெயரில் அகங்காரம் கொழுத்துப்போன கதைகளும் உலகில் குறைவில்லை.

இதற்கான விடை தட்சிணேசுவரத்தில் 1884-இலேயே கிடைத்துவிட்டிருந்தது. ஜீவர்களிடம் தயை காட்டுவதைப்பற்றிப் பேச்சு வந்தபோது குருதேவர் பரவச நிலையில், தயை காட்ட மனிதன் யார் என்று கேட்டு, ஜீவனைச் சிவனாகவே கண்டு சேவை செய்ய வேண்டும் என்று அருளினார். அறையில் இருந்தவர் பலர். அதன் ஆழத்தை உணர்ந்து மனத்தில் பதித்துக்கொண்டவர் நரேந்திரர். அதற்கும் பல ஆண்டுகள் முன்பு, 1868-இல், காசி யாத்திரை செல்லும் வழியில் தேவகரில் ஏழைகளின் நிலையைக் கண்ட குருதேவர், அவர்களுக்கு வயிறார உணவும் தலைக்கு எண்ணெயும் உடுக்கத் துணியும் கொடுத்தாலன்றி நகர மாட்டேன் என்று அவர்களோடு அமர்ந்துவிட்டார். செலவுக்கு அஞ்சிய மதுர்பாபு இறுதியில் பணிந்தார். காசி விசுவநாதர் காத்திருந்தார்.

ஐயம் எழுப்பிய சுவாமி யோகானந்தரோ ஒதுங்கிப் போகவில்லை. கல்கத்தா மையத்தின் துணைத்தலைவராகப் பொறுப்பேற்றுப் பணியாற்றினார். விடை முழுவதும் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது.

மஹூலாவுக்குத் துணையாக சுவாமி நித்யானந்தரும் சுரேசுவரானந்தரும் அனுப்பப்பட்டனர். பணி நடந்துகொண்டிருக்கையில் ஜூன் 12-ஆம் நாள் அஸ்ஸாமில் நிகழ்ந்த பெரும் பூகம்பம் வங்காளத்தையும் உலுக்கியது. மூன்று நாள் கழித்து அல்மோராவிலிருந்து சுவாமிஜி எழுதிய கடிதத்தில் அகண்டானந்தரை வாயார வாழ்த்தினார். அதே ஆண்டில் தினாஜ்பூரில் சுவாமி திரிகுணாதீதானந்தரும், தேவகரில் சுவாமி விரஜானந்தரும் பஞ்ச நிவாரணத்தில் இறங்கினர். குருதேவர் ஏழைகளோடு அமர்ந்த அதே தேவகர்!

பஞ்சம் தணிந்தது, ஆனால் பஞ்சம் விட்டுச் சென்ற குழந்தைகள் எங்கே போவார்கள்? அரிசி வழங்குவதை ஒரு நாளில் நிறுத்திவிடலாம். அநாதைக் குழந்தையை அப்படி நிறுத்திவிட முடியாது. இங்கேதான் நிவாரணம் வேறு, வாழ்வளித்தல் வேறு என்பது தெளிவாயிற்று. அகண்டானந்தர் அநாதை இல்லம் ஒன்றைத் தொடங்கினார். எல்லா மதத்துக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு சுவாமிஜி 1897 அக்டோபரில் மரீயிலிருந்து எழுதினார். உணவு ஏற்பாட்டில் மட்டும் ஊராரின் மனநிலையறிந்து சற்றே தனித்தனியாக, மெதுவாகத் தொடங்குமாறும் அதிலேயே அறிவுறுத்தினார். சமரசத்தை முழங்கியவர், ஊர் வழக்கத்தை ஒரே நாளில் உடைக்கச் சொல்லவில்லை! இல்லத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவோடு நெசவு, தையல், தச்சு முதலிய தொழில்களும் கற்பிக்கப்பட்டன. முர்ஷிதாபாத் பட்டுக்குப் பெயர்பெற்ற சீமை. எனவே பட்டுப்புழு வளர்ப்பும் பாடமாயிற்று. பிச்சைப் பாத்திரத்தை நிரப்புவதைவிட, அதைக் கீழே வைக்கச் செய்வது கடினம். அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

பஞ்சத்தின் பின்னே நோய் வந்தது. 1898 ஏப்ரலில் கல்கத்தாவில் பிளேக் தலைகாட்டியது. நோயைவிட, சோதனை என்றும் பிரித்துவைத்தல் என்றும் அரசு எடுக்கும் நடவடிக்கைகளுக்கே மக்கள் அதிகம் அஞ்சி நகரைவிட்டு ஓடினர். டார்ஜிலிங்கிலிருந்து விரைந்து வந்த சுவாமிஜி, வங்காளியிலும் ஹிந்தியிலும் அச்சம் நீக்கும் அறிக்கை தயாரிக்கச் செய்தார். இதற்குப் பணம் எங்கே என்று ஒரு சகோதரத் துறவி கேட்டார். தேவையானால் புதிதாக வாங்கிய மடத்து நிலத்தை விற்றுவிடுவோம் என்றார் சுவாமிஜி. பல ஆண்டுகள் நிலையான இருப்பிடமின்றி அலைந்தபின் அந்த ஆண்டில்தான் கிடைத்த பேலூர் நிலம் அது. விற்க நேரவில்லை, ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவும் இல்லை.

மறு ஆண்டு நோய் மீண்டும் வந்தது. 1899 மார்ச் 31-ஆம் நாள் தொடங்கிய பணிக்கு சகோதரி நிவேதிதை செயலர். களத்தில் தலைமை சுவாமி சதானந்தர். ஒருகாலத்தில் ஹாத்ரஸ் ரயில் நிலையத்தில் அலுவலராக இருந்த இத்துறவி, துப்புரவுத் தொழிலாளர்களோடு தாமும் இறங்கிப் பாக்பஜார், ஷியாம்பஜார் குடிசைப் பகுதிகளின் குப்பையை அகற்றினார். எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பதை மருத்துவ உலகம் அப்போது இன்னும் ஏற்றிருக்கவில்லை. ஆயினும் எலிக்கு இரையாகும் குப்பை குறைந்தால் பயன் உண்டு என்பதை இன்று நாம் அறிவோம். ஆள் குறைந்தபோது நிவேதிதையே துடைப்பத்தைக் கையில் எடுத்துத் தெருவைப் பெருக்கினார். அதைக் கண்டு வெட்கிய இளைஞர்கள் தாமும் துடைப்பம் ஏந்தினர். தாயை இழந்த ஒரு பிளேக் நோயாளிக் குழந்தையை அவர் குடிசையிலேயே அமர்ந்து மடியில் ஏந்திப் பராமரித்ததை மருத்துவர் ஆர். ஜி. கர் பதிவு செய்திருக்கிறார். குழந்தை பிழைக்கவில்லை. காப்பாற்றிய கணக்கில் அது வராது. ஆனாலும் அந்தக் குழந்தை ஒரு மடியில் உயிர்விட்டது.

அகண்டானந்தரின் ஆசிரமம் 1913-இல் சார்காச்சியில் சொந்த நிலத்தில் அமைந்தது. 1934-இல் அவர் இயக்கத்தின் மூன்றாவது தலைவரானார். அவ்வாண்டு ஜனவரியில் பீகாரைச் சிதைத்த பூகம்பத்தின் நிவாரணப் பணியை, எழுபதை எட்டிய அந்த வயதிலும் நேரில் சென்று கண்டார். தலைவருக்குரிய இடம் பேலூர் மடமே. ஆயினும் 1937-இல் உடலை விடும்வரை, கூடுமானபோதெல்லாம் அவர் திரும்பிச் சென்று தங்கியது சார்காச்சியில்தான்.