உயிர்க்கு உயிர் கடமைப்படுமாறு

ஒருவன் மற்றொருவனுக்குக் கடமைப்பட்டவன் என்று உலகம் வழங்குகின்றது. அக்கடமை எதனால் உண்டாயிற்று என வினவின், விடை பலவாகின்றன. உடன்படிக்கையால் உண்டாயிற்று என்பர் ஒருசாரார். அரசாணையால் என்பர் மற்றொருசாரார். பலர்க்குப் பயன் விளைப்பதே அறமாகலின் அப்பயன் நோக்கியே கடமை பிறக்கும் என்பர் வேறொருசாரார். இவை முற்றும் பொய்யல்ல. ஆயினும் இவை கிளைகளேயன்றி வேராகா. வேர் யாதென்பதை ஓர் எடுத்துக்காட்டின்கண் வைத்து ஆராய்தல் தகும்.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்தற்கென 1956-ஆம் ஆண்டில் அரசினர் நிறுவனம் ஒன்று அமைந்தது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் மின்விசை பிறந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே மேனோக்கி யழுத்தும் ஊற்றுநீர் உண்டு. அதனை இரவும் பகலும் இறைத்தாலன்றி அங்கே தோண்டுதல் இயலாது. வயலுங் கிணறும் இருந்த இடம் பெரும்பள்ளமாயிற்று. ஊர்கள் பல பெயர்ந்தன. தொழிலாளர்க்கென ஒரு நகரம் எழுந்தது. அவ்விசையால் தென்னாட்டில் எண்ணிறந்த இல்லங்களில் விளக்கெரிகின்றது.

2023-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், வளையமாதேவி என்னும் ஊரில், பரவனாற்றுக்கு மாற்றுக்கால்வாய் வெட்டும்பொருட்டு, விளைந்துவரும் நெற்பயிரினூடே பொறிகள் செலுத்தப்பட்டன. நிலம் முன்னரே எடுக்கப்பட்டது, ஈடும் வழங்கப்பட்டது என்பது நிறுவனத்தார் கூற்று. ஈடு போதாது, பிழைப்புக்கு வழியும் வேண்டும் என்பது உழவர் கூற்று. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கரொன்றுக்கு 40,000 ரூபாய் கொடுக்குமாறு கட்டளை பிறந்தது. சட்டத்தின் செம்மையை ஆராய்தல் நீதிமன்றத்தார்க்கு உரியது. ஈண்டு ஆராயப்படுவது ஒன்றே: விலை கொடுத்தவளவில் கடமை தீர்ந்ததாகுமா?

இவ்வினாவுக்குப் பெரியபுராணத்தில் விடையுண்டு. திருவாரூரில் அரசிளங்குமரன் தேர்க்காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் மணியை யசைத்தது. அமைச்சர், நூல்களில் விதித்த கழுவாய் செய்தால் போதும் என்றனர். மனுவேந்தன் அதற்கு இசைந்திலன். அக்கழுவாய் செய்தவனுக்கு மருந்தாகலாம். கன்றிழந்த பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமோ என்பதே அவன் கேட்ட கேள்வி. ஈண்டு நுனித்துணரற்பாலது யாதெனின், பசு அவனோடு உடன்படிக்கை செய்ததில்லை. அவன்மேல் ஆணை செலுத்துவாருமில்லை. மகனைக் காத்தலாற் பலர்க்குப் பயனுமுண்டு. முன்னர்க் கூறிய மூன்று காரணங்களும் அங்கே இல்லாதிருக்கவும், கடமை மட்டும் குறைவின்றி நின்றது. ஆதலின் அதன் வேர் அவற்றிற்கு அப்பாலது என்பது பெறப்பட்டது.

அவ்வேர் யாதோவெனின், கூறுதும். உயிர்கள் யாவும் இறைவனுக்கு உடைமை. அவற்றின் மலம் நீங்கும்பொருட்டே அவன் தநு கரண புவன போகங்களைக் கூட்டுகின்றான். எனவே உழவன் நிற்கும் நிலம் அவ்வுயிர்க்கு இறைவன் அளித்த புவனம். அதன் விளைவு அவன் அளித்த போகம். அதனை ஒருவன் தன் தேவைக்கென வாங்குவானாயின், கொடுத்தவனுக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பையும் உடன் வாங்குகின்றான். ஒரே ஆண்டானுக்கு அடிமைகளாகிய இருவருள் ஒருவன் மற்றவனைத் தனக்குக் கருவியாகக் கொள்ளுதற்கு உரிமையில்லை. இறைவனிடத்தும், அடியாரிடத்தும், பிறவுயிர்களிடத்தும், தன்னிடத்தும் செல்லும் அன்பு ஒன்றே. ஓரிடத்து வறண்டதாயின் எங்கும் வறண்டதேயாம் என்னுங் கருத்துப்பட அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அருளினமையும் இதுபற்றியே.

அற்றேல், ஊரிழந்தார் தத்தம் வினைப்பயனை யன்றோ நுகர்ந்தனர். அதற்குப் பிறர் என் செய்வர் எனின், அது பொருந்தாது. சைவர் சிலர் நாவிலேயே இச்சொல் எளிதில் வருதலின் இதனை நன்கு ஆராய்தல் வேண்டும். வினைக்கொள்கை துன்புறுவான் மனங்கலங்காது நிற்றற்கு ஊன்றுகோலாக அருளப்பட்டது. துன்புறுத்துவான் ஒளிந்துகொள்ளுதற்குக் கேடயமாக அன்று. வினைப்பயனை அறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே. பிறனது பிராரத்தம் இன்னதென்று அறியமாட்டாத உயிர், அதனை யூட்டும் வேலையைத் தான் மேற்கொள்ளல் எங்ஙனம்? பசுவின் வினையும் கன்றின் வினையும் மனுவேந்தன் அறியாதனவல்ல. அறிந்திருந்தும் அவற்றைக் காரணமாகக் காட்டிலன். பிறன் துயர் அவனுக்குப் பிராரத்தமாயினும், அதனைக் கண்டுவைத்தும் வாளாவிருத்தல் இருப்பவனுக்கு ஆகாமியமாம்.

அங்ஙனமாயின் சுரங்கமும் மின்விசையும் வேண்டாவோ எனின், அது கூறியதன்று. மருத்துவச் சாலையிலும் பள்ளியிலும் திருக்கோயிலிலும் அவ்விசை பயன்படுகின்றது. கூறியது இதுவே: பெற்ற பயன் எத்துணையோ அத்துணைக் கடனும் உண்டு. அக்கடன் நிறுவனத்தாரோடு நில்லாது, விளக்கேற்றுவார் அனைவரையும் பற்றும். பூசையறையின் விளக்கு எவன் வயலின்மீது எரிகின்றதென எண்ணுதலும், வீணே எரியவிடாமையும், நிலமிழந்தார் முறையிடும்போது அது பிறர் வழக்கென்று செவியடையாமையும் அக்கடனின் தொடக்கமாம். விலை நிலத்துக்கு ஈடாகலாம். ஊரையும் தொழிலையும் இழந்த நெஞ்சுக்கு ஈடு செவிகொடுத்தலும், நிலைத்த பிழைப்பு அமைத்துத் தருதலுமேயாம்.

நெய்வேலி நகரத்துத் திருக்கோயிலில் கூத்தப்பெருமான் அழகிய திருச்சிற்றம்பலமுடையான் என்னுந் திருநாமத்தோடு பெரிய திருமேனி கொண்டு எழுந்தருளியிருக்கின்றான். அன்பர் தம் குறையை எழுதி இடுதற்கு முறைப்பெட்டியும், அசைத்தற்கு ஆராய்ச்சிமணியும் அச்சந்நிதியில் உள்ளன. அண்மையில் வடலூரில், பார்வதிபுரத்தார் உவந்தளித்த நிலத்தில், இராமலிங்க அடிகள் 1867-இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகின்றது. ஒருபால் உலகுக்கு விசை தரும் தீ; ஒருபால் பசித்தார்க்குச் சோறு தரும் தீ. முன்னையது பின்னையதன் அருளை மறவாதிருக்குமாயின் இரண்டும் வேள்வித்தீயேயாம். மணி அசையும்போது, அஃது இறைவன் செவிக்கு மட்டும் உரியதென்று அடியவர் கருதற்க. அவ்வொலி தம் செவிக்கும் உரியதென்று உணர்வாராக.

திருச்சிற்றம்பலம்.