வந்தியின் பங்கு



வைகை பெருகியபோது கரையடைக்க வீட்டுக்கொரு பங்கு அளந்து கொடுத்தான் பாண்டியன். மண் சுமக்க ஆளில்லாத வந்திக் கிழவிக்காகப் பிட்டைக் கூலியாய் வாங்கிக் கூடை சுமந்தார் சோமசுந்தரப் பெருமான். ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் இதைக் கேட்டு உருகுகிறோம்.

நம் தாய்நாட்டு மலையகத்திலும் வெள்ளமும் மண்ணும் வந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எழுந்து போக அவர்களுக்குச் சொந்தக் காணி ஏது? 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைகள் மறுபடியும் சரிந்தன.

“அவரவர் வினை” என்று சொல்லிவிடலாம். கணக்கு எழுதியே பிழைக்கும் நமக்குத் தெரியும்: நம் கடனைப் பிறர் பேரில் எழுதினால் அது தீராது. அவர்கள் பறித்த தேயிலையைக் குடித்து வளர்ந்தோம். 1948இல் அவர்கள் நாடற்றவராக்கப்பட்டபோது நம் பெரியோர் பலர் பேசாதிருந்தனர். பின்னர் நாமே அகதிகளாய் மொன்றியல் குளிரில் இறங்கியபோது, முன்பின் அறியாதவர்கள் நம் பங்கைச் சுமந்தார்கள்.

பெருமான் முதுகில் விழுந்த பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டதாம். மலையகத்தில் விழுந்த அடி நம்மேல் பட்டதா? ஒரு குடும்பத்துக்குப் பத்திரமான காணித்துண்டு, ஒரு பிள்ளைக்குப் படிப்பு. பிட்டுப் பிரசாதம் வாங்கும் கைகளுக்கு அதுவே ஒரு கூடை மண்.

சிவசிவ.